தலைகீழ் ஸ்டிக்கர்: நுண்மணி கதீட்டர் முனையோடு சில மாதங்கள்

எங்கள் சிலிகோன் தமனியின் (சோதனைக்காக வார்த்த மாதிரி ரத்தக்குழாய்) பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தலைகீழாக இருப்பதைக் கவனிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில்தான் இருந்தோம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் கட்டிகளுக்கு ரேடியோஎம்போலைசேஷன் என்றொரு சிகிச்சை உண்டு. நல்ல கல்லீரல் திசுவுக்கு ரத்தத்தின் பெரும்பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியை நம்பித்தான் வளர்கிறது. அதனால் தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்து, கல்லீரல் தமனிவரை கொண்டுபோய், யிட்ரியம்-90 ஏற்றிய நுண்மணிகளை அங்கே விடுகிறார்கள். மணிகள் ரத்தத்தோடு போய்க் கட்டியின் நுண்ணிய குழாய்களில் சிக்கிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே கதிர்வீசும். அந்த பீட்டா கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மி.மீ., அதிகபட்சம் 11 மி.மீ. போகும். அரை ஆயுள் 64 மணி நேரம். ஆகவே மணி எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் மருந்து. பக்கத்துக் கிளைக்குப் போனால் நல்ல கல்லீரல் வாங்கிக்கொள்ளும். பின்னோக்கி வழிந்து இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் போகும் தமனிகளில் ஏறினால் அங்கே புண் வரும்.

மணிகளில் இரண்டு வகை அதிகம் புழக்கத்தில் இருக்கிறது. கண்ணாடி மணி 20 முதல் 30 மைக்ரான், அடர்த்தி தண்ணீரைப்போல் 3.3 மடங்கு. ரெசின் மணி 20 முதல் 60 மைக்ரான், அடர்த்தி 1.6 மடங்கு. ஒரு கண்ணாடி மணியில் ஏறக்குறைய 2,500 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) இருக்கும். ரெசின் மணியில் 50தான். 3 கிகாபெக்கரல் வேண்டுமென்றால் கண்ணாடியில் 12 லட்சம் மணி போதும். எடை போட்டுப் பார்த்தால் 32 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூட இல்லை. ரெசினில் அதே அளவுக்குக் கோடிக்கணக்கில் மணி தேவைப்படும். குழாய் அடைத்துப் பின்வழிதல் வருவது அதில்தான் அதிகம். எங்கள் வேலை கண்ணாடி மணியோடு. மேசையில் வைத்தது கதிரியக்கம் ஏதுமற்ற சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி மணிகள், அடர்த்தி 2.5. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும்.

எங்கள் யோசனை புதிதல்ல. 2010 வாக்கில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளெமன்ட் கிளைன்ஸ்ட்ராயரின் குழு கணினிக் கணக்குகள் வழியாக ஒன்றைக் காட்டியிருந்தது. கல்லீரல் தமனியில் ரத்தம் பெரும்பாலும் அடுக்கு அடுக்காக, கலங்காமல் ஓடுகிறது. ஆகவே தமனியின் குறுக்குவெட்டில் எந்தப் புள்ளியில் மணியை விடுகிறோமோ, அதைப் பொறுத்து அது எந்தக் கிளைக்குப் போகும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. வலது பக்கம் விட்டால் வலது கிளை, இடது பக்கம் விட்டால் இடது கிளை என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம் (வளைவும் திருகலும் உள்ள நிஜத் தமனியில் இவ்வளவு எளிது இல்லை). சாதாரண மைக்ரோகதீட்டரின் முனை தமனிக்குள் எங்கே படுத்திருக்கிறது என்பது யார் கையிலும் இல்லை. சுவரில் சாய்ந்திருக்கும், மூச்சுக்கு மூச்சு நகரும். சிகிச்சைக்கு முன்னால் டெக்னீஷியம் என்ற கதிரியக்கத் தனிமம் ஏற்றிய ஆல்புமின் துகள்களை விட்டு ஒத்திகை பார்ப்பார்கள். அன்றைக்கு முனை இருந்த இடமும் சிகிச்சை நாளில் இருக்கும் இடமும் சில மி.மீ. மாறினாலே ஒத்திகையும் நாடகமும் வேறு வேறாகிவிடுவதுண்டு.

ஆகவே முனையைத் தமனியின் நடுவில் பிடித்து நிறுத்தும் ஒரு சின்னக் கூடை செய்வோம், மணிகள் இரு பக்கமும் சமமாகப் பிரியட்டும் என்று கிளம்பினோம். நடுவில் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏன் அவ்வளவு உறுதியாக நம்பினோம் என்று இப்போது யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தமனி வார்த்த கதை

உள்விட்டம் 5 மி.மீ. உள்ள ஒரு தண்டு, அது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து நான்கு வாய். உள்அச்சை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்து, சுற்றிலும் சிலிகோன் ஊற்றி, பிறகு அச்சை மட்டும் வெளியே எடுக்க வேண்டும்.

முதல் அச்சை ஒளியில் இறுகும் ரெசினில் எடுத்தோம். வழவழவென்று அழகாக வந்தது. மேலே ஊற்றிய பிளாட்டினம் வகை சிலிகோன் மட்டும் அச்சைத் தொட்ட இடமெல்லாம் இறுகவே இல்லை; பசை பசையாய் விரலோடு வந்தது. ரெசினில் மிச்சம் இருக்கும் ரசாயனங்கள் பிளாட்டினத்தின் வேலையைக் கெடுத்துவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எங்களுக்கு மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்து தண்ணீரில் கரையும் பிவிஏ இழையில் எடுத்தோம். சிலிகோன் நன்றாக இறுகியது, ஆனால் அச்சின் அடுக்குக் கோடுகள் எல்லாம் தமனியின் உள்சுவரில் பதிந்து கண்ணாடி பனி பூத்தாற்போல் ஆகிவிட்டது. ஈரத்துணியால் பிவிஏ அச்சை மெல்லத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, காயவைத்து, மறுபடி ஊற்றியதில் மூன்றாவது தமனி தேறியது.

ரத்தத்துக்குப் பதில் தண்ணீரும் கிளிசரினும். கன அளவில் 40 பங்கு கிளிசரின் சேர்த்தால் அறை வெப்பத்தில் பாகுநிலை 4 மில்லிபாஸ்கல்-செகண்டுக்குப் பக்கத்தில் வரும். ரத்தத்துக்கு அது பொருந்தும். சிலிகோனின் ஒளிவிலகலோடும் பொருந்த வேண்டுமென்றால் கிளிசரினை 60 பங்குக்குக் கிட்டே ஏற்ற வேண்டும், அப்போது திரவம் ரத்தத்தைவிட மிகவும் தடித்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். ஓட்டத்தைப் பிடித்தோம். கேமராவில் தமனி ஓரங்கள் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டோம்.

பம்ப் நிமிடத்துக்கு 240 மி.லி. தள்ளியது, நாடித்துடிப்புபோல் நிமிடத்துக்கு 60 தரம் ஏறி இறங்கும்படி. 5 மி.மீ. குழாயில் இது சராசரியாக நொடிக்கு 20 செ.மீ. வேகம். ரெனால்ட்ஸ் எண் 300க்குக் கீழே, அதாவது கலங்கலுக்கு இடமே இல்லை.

அடுத்த சறுக்கல் அளவெடுப்பதில். நான்கு வாயிலும் ஃபில்டர் மாட்டி, ஒவ்வொரு வாய்க்கும் எத்தனை மில்லிகிராம் மணி வந்தது என்று நிறுத்துப் பார்ப்பதாகத் திட்டம். 100 மில்லிகிராம் போட்டால் 140 மில்லிகிராம் கிடைத்தது. "அக்கா, மணி குட்டி போடுது" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. ஃபில்டர் தாள் குடித்திருந்த கிளிசரின்தான் அந்த 40. அடுப்பில் எவ்வளவு காயவைத்தாலும் அது போகாது; காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சூடான வடிநீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, காயவைத்து, மணியே படாத ஒரு வெற்றுத் தாளையும் கூடவே அதே பாடுபடுத்தி, அதன் எடை மாற்றத்தைக் கழித்த பிறகுதான் கணக்கு நேரானது.

அதோடு முடியவில்லை. மணி சேரச் சேர ஃபில்டர் அடைக்கிறது. அடைத்தால் அந்த வாயின் எதிர்ப்பு ஏறுகிறது, ஓட்டம் அடுத்த வாய்க்குத் திரும்புகிறது. யாருக்கு மணி அதிகம் வருகிறதோ அவரே தனக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார். நாங்கள் அளந்துகொண்டிருந்தது பாதி எங்கள் ஃபில்டரைத்தான். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, நான்கு பீக்கரில் திரவத்தைப் பிடித்து, ஓட்டம் முடிந்த பிறகு வடிகட்டினோம். வேலை இரட்டிப்பானது. வேறு வழியில்லை.

கூடை

நைட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலப்புலோகக் கம்பியை வளைத்து வைத்தால் நிற்காது, நேராகிவிடும். வேண்டிய வடிவத்தில் ஓர் உலோகக் கட்டையில் இறுக்கிக் கட்டி, 500 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்து, சட்டென்று தண்ணீரில் போட வேண்டும். அதன்பிறகு அந்த வடிவம்தான் அதற்கு ஞாபகம். 0.1 மி.மீ. கம்பியில் நான்கு கால்கள், ஒவ்வொன்றும் வில்போல் வெளியே பிதுங்கி 5 மி.மீ. சுவரைத் தொடும்படி செய்தோம்.

கூடை செய்வது சுலபமாகத்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் தொல்லை. மைக்ரோகதீட்டர் தனியாகப் போவதில்லை. 5 ஃப்ரெஞ்ச் (கதீட்டரின் விட்டத்தைச் சொல்லும் அலகு) தாய்க்கதீட்டரின் உள்ளே போகிறது. அதன் உள்விட்டம் 0.97 மி.மீ. மூன்று ஃப்ரெஞ்ச் என்றால் 1 மி.மீ. என்பது கணக்கு, எங்களிடம் இருந்த 2.7 ஃப்ரெஞ்ச் மைக்ரோகதீட்டரின் வெளிவிட்டம் 0.9 மி.மீ. மிச்ச இடம் பக்கத்துக்கு 0.035 மி.மீ. அதில் 0.1 மி.மீ. கம்பியை எப்படி ஒளிப்பது? 2 ஃப்ரெஞ்சுக்கு இறங்கினோம். வெளிவிட்டம் 0.67, பக்கத்துக்கு 0.15 மி.மீ. இடம். கம்பி 0.1, அதைப் பிடித்திருக்கும் மெல்லிய, சுருங்கிப் பிடிக்கும் உறை 0.02. நூல் பிடித்தாற்போல் உள்ளே போனது. ஆனால் 2 ஃப்ரெஞ்ச் குழாயின் உள்துளை 0.5 மி.மீ.தான். குழாய் குறுகினால் அதே அளவு திரவம் இன்னும் வேகமாகப் பாயும். அதன் விலையைப் பின்னால் கொடுத்தோம்.

கூடை இல்லாத வெறும் முனையோடு முதல் வரிசை ஓட்டங்கள். எங்கள் இலக்குக் கிளைக்கு (கட்டி இருப்பதாக வைத்துக்கொண்ட பக்கம்) மணி குறைவாகவே வந்தது. மற்றக் கிளைதான் அள்ளிக்கொண்டது. அப்புறம் தண்டின் அடிப்பக்கம் ஒரு கசிவு. எல்லாவற்றையும் கழற்றி, ஒட்டி, மறுபடி பூட்டினோம். கூடை மாட்டிய முனையோடு இரண்டாவது வரிசை. இலக்குக் கிளை நிரம்பி வழிந்தது. சமமாகப் பிரியும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக இலக்குப் பக்கமே அதிகம் போனதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நல்ல செய்தியை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

எங்களோடு சேர்ந்து வேலைசெய்யும் கதிரியக்க மருத்துவர் ஒருநாள் வந்து, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஸ்டிக்கர்ல எழுத்து ஏம்மா தலைகீழா இருக்கு?" என்று கேட்டார்.

கேமரா பக்கவாட்டில் இருப்பதால் தமனியை நிறுத்தி மாட்டியிருந்தோம்: ஒரு கிளை மேலே, ஒன்று கீழே. முதல் வரிசையில் இலக்குக் கிளை மேலே இருந்தது. கசிவை அடைத்துவிட்டுப் பூட்டும்போது பெட்டி புரண்டுவிட்டது. இரண்டாவது வரிசை முழுக்க இலக்குக் கிளை கீழே இருந்திருக்கிறது. கூடை எதையும் சாதிக்கவில்லை. மணி கீழே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

புவியீர்ப்பு எங்கே புகுந்தது

எங்கள் முதல் பதில், தமனிக்குள் மணி கீழே இறங்குகிறது என்பது. கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை. 25 மைக்ரான் கண்ணாடி மணி அந்தக் கிளிசரின் கலவையில் நொடிக்கு 0.12 மி.மீ. இறங்கும். முனையிலிருந்து கிளை பிரியும் இடம் 6 செ.மீ.; 20 செ.மீ. வேகத்தில் 0.3 நொடிப் பயணம். இறக்கம் 0.04 மி.மீ. ஐந்து மி.மீ. தமனியில் அது ஒரு பொருட்டே இல்லை.

கதீட்டருக்குள் கதை வேறு. அங்கே ஓடுவது சலைன், தண்ணீர்போல் நீர்த்தது. அதில் அதே மணி நொடிக்கு 0.5 மி.மீ. இறங்குகிறது. நிஜச் சிகிச்சை மணி இன்னும் கனமானது, நொடிக்கு 0.8 மி.மீ. வரை. துளையின் முழு விட்டமே 0.5 மி.மீ. ஒரு நொடிக்குள் மணி எல்லாம் குழாயின் தரையைத் தொட்டுவிடும். 150 செ.மீ. நீளக் கதீட்டரை அது கடக்க ஏழெட்டு நொடி ஆகிறது. தரையில் நின்றுவிடுவதில்லை, குறுகிய துளையில் ஓட்டத்தின் இழுவை பலமாக இருப்பதால் உருண்டும் துள்ளியும் போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் துளையின் கீழ்ப்பாதியிலேயே போகிறது.

மேக்ரோ லென்ஸை முனைக்கு நேரே வைத்து, பின்னாலிருந்து விளக்குப் போட்டுப் பார்த்த அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முனையின் வட்டம் திரையில் ஒரு வளையல் அளவுக்குத் தெரிந்தது. மணி முழு வட்டத்திலிருந்தும் புகைபோல் வரும் என்றுதான் மனதில் படம் இருந்தது. வந்ததோ கீழ் உதட்டை ஒட்டி ஒரு வெள்ளை நூல். மேல்பாதியில் தெளிந்த சலைன் மட்டும். கதீட்டரை அச்சில் சுழற்றினால் நூலும் சுழல வேண்டும் அல்லவா? சுழலவில்லை. எப்படித் திருப்பினாலும் கீழேயே நின்றது.

இதற்குச் சாட்சி வேண்டும் என்று மூன்று சோதனை செய்தோம். மணிக்குப் பதில் எடையில்லாத சாயம் விட்டோம். தமனியை நேராக வைத்தாலும் புரட்டினாலும் இரு கிளைக்கும் ஒரேபோல் பிரிந்தது. பெட்டியைப் படுக்கவைத்து, கிளைகளை இடம்-வலமாக்கி மணி விட்டோம். சாய்வு காணாமல் போனது. கடைசியாக, மணி கலக்கும் சலைனிலும் கிளிசரின் சேர்த்துத் தடிக்கவைத்தோம். இறக்கம் மெதுவாகி, நூல் பரந்து பட்டையானது. கடைசிச் சோதனை நோயைக் கண்டுபிடிக்க மட்டும்தான். எந்தத் திரவத்தில் மணியைக் கலப்பது என்பது தயாரிப்பாளரின் வழிகாட்டுதலில் இருக்கும் விஷயம். "அதுல நீங்க கை வைக்காதீங்க" என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கூடை எங்களைக் காப்பாற்றாததன் காரணமும் இப்போது புரிந்தது. இரு கிளைக்கும் சமமாக ஓட்டம் பிரிந்தால், மேலே போகும் ரத்தத்துக்கும் கீழே போகும் ரத்தத்துக்கும் நடுவிலான எல்லை தமனியின் மையம் வழியாகவே போகும். கூடை முனையைச் சரியாக அந்த எல்லையின் மேல் நிறுத்திவிட்டது. மையத்திலிருந்து கால் மி.மீ. கீழே வெளிவரும் வெள்ளை நூல் அத்தனையும் எல்லைக்குக் கீழ்ப்பக்கம். வரப்பின் மேல் நின்றுகொண்டு விதையை ஒரே பக்கமாகச் சிந்தினால் எந்த வயலில் முளைக்குமோ அந்தக் கதைதான். தமனிக்குள் மிக மோசமான இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே முனையை ஆடாமல் நிறுத்த ஒரு கருவி செய்திருக்கிறோம்.

ஹப்பும் ஸ்டாப்காக்கும்

மணி முனைக்கு வருவதற்கு முன்னாலேயே இவ்வளவு நடக்கிறது என்றால், கதீட்டருக்குள் நுழைவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பின்னோக்கிப் போனோம். யாரும் கவிதை எழுதாத பகுதி இது, ஆனால் என் கருத்தில் அதிகப் பலன் இங்கேதான் கிடைத்தது.

சிரிஞ்ச் பம்ப் படுக்கையாக இருந்தது. சிரிஞ்சுக்குள் மணி மண்டிபோல் அடியில் படிந்துவிட, மேலே இருக்கும் தெளிவு முதலில் போனது. வாய் கீழே பார்க்கும்படி நிறுத்தினால் முதல் அரை நிமிடம் பால்போல் வெள்ளை, அப்புறம் வெறும் சலைன். கடைசியில் சிரிஞ்சுக்குள் ஒரு சின்ன எஃகுக் குண்டைப் போட்டு, வெளியே காந்தத்தை அசைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தோம். பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு, வேலை செய்தது.

கதீட்டரின் ஹப், அதாவது சிரிஞ்ச் மாட்டும் பின்முனை, உள்ளே 4 மி.மீ. அகலம். நிமிடத்துக்கு 2.4 மி.லி. விட்டால் அங்கே திரவம் நொடிக்கு 3 மி.மீ. நகர்கிறது. அங்கே இழுவையே கிடையாது; விழுந்த மணி விழுந்த இடத்தில் கிடக்கும். ஸ்டாப்காக்கையும் (ஓட்டத்தைத் திறந்து மூடும் சின்னத் திருகு) சேர்த்து 3 செ.மீ. கடப்பதற்குள் மணி 5 மி.மீ. இறங்கிவிடும், அகலமே 4தான். ஓட்டம் முடிந்து ஹப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் பிறை நிலாபோல் மணி தேங்கியிருந்தது. நிஜச் சிகிச்சையிலும் மருந்தின் ஒரு பகுதி குப்பியிலும் குழாயிலும் ஹப்பிலும் தங்குவது உண்டு. அதனால்தான் முடிந்த பிறகு கழிவை அளந்து, உள்ளே போனது எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

நாங்கள் செய்த மாற்றம் மிகச் சாதாரணம். ஸ்டாப்காக்கை எடுத்துவிட்டோம். ஹப்பைக் கம்பத்தில் செங்குத்தாக, மூக்கு கீழே பார்க்கும்படி பிடித்தோம். விழும் மணி சுவரில் விழாமல் புனல்வழியே துளைக்குள் விழுந்தது. பிறை நிலா மறைந்தது. தம்பி தானே செய்த நைட்டினால் கூடையை ஒரு பார்வை, பழைய கிளாம்பை ஒரு பார்வை பார்த்தான். அவன் முகத்தைப் படமெடுத்திருக்கலாம்.

வேகத்தின் இழுபறி

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, இதை இன்னும் நாங்கள் அவிழ்க்கவில்லை. முனையிலிருந்து வரும் திரவம் ரத்தத்தின் வேகத்திலேயே வந்தால் அடுக்கு கலையாது, மணி தன் பாதையில் அமைதியாகப் போகும். 0.5 மி.மீ. துளையில் நொடிக்கு 20 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 2.4 மி.லி.தான் விட வேண்டும். ஆனால் மெதுவாக விட்டால் ஹப்பில் படியும், குழாயில் இறங்கும். 5 மி.லி.க்கு ஏற்றினால் முனையில் வேகம் நொடிக்கு 40 செ.மீ.யைத் தாண்டி, பீய்ச்சலாகப் போய்க் கிளை பிரியும் மூக்கில் மோதிச் சிதறுகிறது. முன்னால் சொன்ன குறுகிய துளையின் விலை இது. பெரிய துளைக் கதீட்டரில் அதே அளவை மென்மையாக விட்டிருக்கலாம். ஆனால் அதில் கூடைக்கு இடமில்லை.

விரியும் புனல் முனை உள்ள, பின்வழிதலைத் தடுக்கும் கதீட்டர்களும், பலூன் கதீட்டர்களும் ஏற்கனவே புழக்கத்தில் உண்டு. பலூனை எங்கள் தமனியில் ஊதிப் பார்த்தோம்; ஓட்டம் அப்படியே நின்றுவிட்டது. நிஜக் கல்லீரலில் முன்வழி அடைபட்டாலும் பக்கவழிகளில் கொஞ்சம் ரத்தம் வரும், அழுத்தம் குறைந்து ஓட்டத்தின் பங்கீடே மாறும். எங்கள் சிலிகோன் மரத்துக்கு நான்கு வாயைத் தவிர உறவு கிடையாது. ஆகவே பலூனைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல எங்கள் மேசைக்குத் தகுதியில்லை. அந்த ஓட்டங்களைக் குறிப்பேட்டில் குறுக்குக் கோடு போட்டுவிட்டோம்.

கோணல் கூடை

நடுவில் நிறுத்துவதுதான் தப்பு என்றால் ஓரத்தில் நிறுத்தலாமே. கூடையின் கால்களை மாற்றினோம்: மூன்று கால், இரண்டு நீளம், ஒன்று குட்டை. விரிந்தால் முனை மையத்திலிருந்து 1 மி.மீ. தள்ளி, குட்டைக் கால் பக்கமாக நிற்கும். துளையின் அடியில் ஓடும் நூல் கால் மி.மீ. கீழே இருந்தாலும் எல்லைக்கோடு இன்னும் முக்கால் மி.மீ. தொலைவில் இருக்கிறது. மணி தவறான பக்கம் சாய இடமில்லை.

இந்தத் தரம் ஏமாறக் கூடாது என்று, ஒவ்வொரு ஓட்டத்தையும் இரண்டு முறை செய்தோம்: இலக்கு மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம். பெட்டியின் நான்கு பக்கமும் பெரிய அம்புக்குறி ஒட்டியாயிற்று. இலக்கு கீழே இருந்தபோது மணி கிட்டத்தட்ட முழுக்க இலக்குக்கே போனது. அது எதிர்பார்த்ததுதான். இலக்கு மேலே இருந்தபோதும் பெரும்பகுதி மேலேயே போனது; புவியீர்ப்பை எதிர்த்து மேல் கிளைக்குப் பெரும்பகுதி போனது அதுதான் முதல் தடவை. நாடித்துடிப்பு இறங்கி ஓட்டம் மெலியும் கணங்களில் மட்டும் கொஞ்சம் நூல் தொய்ந்து கீழ்க் கிளைக்கு ஒழுகியது, வீடியோவை மெதுவாக ஓட்டினால் தெரிகிறது. ஓட்டம் மெலியும்போது மணி விடுவதை நிறுத்தி, ஏறும்போது மட்டும் விட்டால் என்ன என்று தோன்றியது. நிறுத்தினால் கதீட்டருக்குள் மணி படியும். மறுபடி அதே முடிச்சு.

இந்தக் கூடை உடம்புக்குள் போகத் தகுந்ததல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். கம்பியில் ரத்தம் உறையுமா என்று பார்க்கவில்லை. நிஜத் தமனி மென்மையானது, வளைந்தது, மூச்சோடு ஆடுவது. எங்களுடையது நேரான விறைத்த குழாய். ஒட்டுப்பசை வெளிச்சத்தில் இறுகும் சாதாரண வகை.

இப்போது நிற்கும் இடம் இது: குட்டைக் கால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வெளியே நிற்பவர் தீர்மானித்துத் திருப்ப வேண்டும். ஹப்பைக் கால் சுற்றுத் திருப்பினால் 150 செ.மீ. தள்ளி முனை அசையவே இல்லை. அரைச் சுற்று, அப்போதும் இல்லை. முக்கால் சுற்று வரும்போது குழாயில் ஏறிய முறுக்கு ஒரே வீச்சில் அவிழ்ந்து, முனை இலக்கைத் தாண்டிப் போய் எதிர்ச் சுவரில் நிற்கிறது. சுவரில் பின்னல் கம்பி உள்ள கதீட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது, அதன் வெளிவிட்டம் 2.1 ஃப்ரெஞ்ச். பக்கத்துக்கு 0.135 மி.மீ. இடம், கம்பியும் உறையும் 0.12. உள்ளே போகிறதா என்று தம்பி இந்த நேரம் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறான்.